முதல் தோசை

தோசை வார்க்கும் வீடுகளில் எல்லாரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. முதல் தோசை நேராக வருவதில்லை. கல்லை விட்டு எழும்ப மறுக்கும்; நடுவில் கிழியும்; ஓரம் கருகும். அதைக் கண்டு எந்தக் குடும்பத் தலைவியும் "இன்று தோசை இல்லை" என்று அடுப்பை அணைத்து விடுவதில்லை. கல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மாவு எவ்வளவு புளித்திருக்கிறது, எண்ணெய் இன்னும் எத்தனை சொட்டு வேண்டும் என்பதையெல்லாம் அந்த முதல் தோசையிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டு, அடுத்ததை வார்த்து விடுகிறாள். முதலாவது யாருடைய இலையில் விழுகிறதென்பது வீட்டுக்கு வீடு மாறும்.

சமையலறையில் இத்தனை விவேகம் காட்டும் நம் குடும்பங்கள், சிறு தொழில் ஒன்று தொடங்கலாம் என்ற யோசனை வந்துவிட்டால் மட்டும் அந்த விவேகத்தை அடுக்களையிலேயே விட்டுவிட்டு வருகின்றன. முதல் சரக்கே அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். முதல் நாளே கடை கண்ணைப் பறிக்க வேண்டும். பெயரும் பொட்டணமும் பட்டணத்துக் கம்பெனிகளுக்கு ஈடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடங்குவதே கூடாது! இந்த மனோபாவத்துக்குப் பூரணப் பித்து என்று பெயர் வைக்கலாம். சோம்பல் என்றால் வீட்டிலுள்ளவர்களே கண்டித்து விடுவார்கள். இதுவோ சிரத்தையின் வேஷம் போட்டுக்கொண்டு வருவதால் எல்லாரும் இதை மெச்சுகிறார்கள். அதனால்தான் இதைப்பற்றி இந்த வாரம் கொஞ்சம் விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

பொதுப்படையாகப் பேசினால் விஷயம் காற்றோடு போய்விடும். ஆகையால் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வேலூருக்குத் தென்மேற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒடுகத்தூர் இருக்கிறது. மலையில் பிறந்து பாலாற்றில் சேரும் உத்தரகாவேரி இவ்வூர்ப் பக்கமாக ஓடுகிறது. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பலாம்பட்டு முதலிய மலைக் கிராமத்தாருக்கு இது சமவெளியின் வாசல். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரள தேசத்தார் அல்லர். மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் பலாவும் அவர்கள் உழைப்பால் கீழே வருகின்றன. ஆனால் வந்த சரக்கு பெரும்பாலும் மூட்டையாகவே வெளியூர் மண்டிகளுக்குப் போய்விடுகிறது. அதைச் சுத்தம் செய்து, பக்குவப்படுத்தி, பொட்டணம் கட்டி விற்கும் லாபம் வேறு யாருக்கோ சேருகிறது.

ஒடுகத்தூரில் ஒரு தம்பதிகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. மனைவி படித்தவள், கைத்திறமை உள்ளவள். மலைப் புளியை வாங்கிக் கொட்டையும் நாரும் நீக்கி, அரைக் கிலோப் பொட்டணங்களாக வேலூர் வீடுகளுக்கு விற்கலாம் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. மிக நல்ல எண்ணம். தை பிறந்தவுடன் பேச ஆரம்பித்தார்கள்.

முதலில் பெயர் வேண்டும் என்றார் கணவர். பெயருக்காகப் பதினைந்து நாள் போயிற்று. பெயர் கிடைத்தபின் அதற்கேற்ற படம் வேண்டியிருந்தது. படத்தில் புளியமரம் புளியமரமாக இல்லை, வேப்பமரம் மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். காகிதப் பொட்டணம் கௌரவமாக இராது, அச்சிட்ட தகர டப்பாதான் வேண்டும் என்று மனைவி சொன்னாள். டப்பா செய்கிறவர் ஐயாயிரத்துக்குக் குறைந்து செய்ய முடியாதென்றார். கையால் கொட்டை எடுப்பது நாகரிகமாகத் தோன்றாததால் யந்திரம் விசாரித்தார்கள். யந்திரத்துக்குக் கடன் விசாரித்தார்கள். கடனுக்காகத் திட்ட அறிக்கை எழுதினார்கள். இரவில் கைபேசியை எடுத்துப் பிறருடைய கடைகளின் படங்களைப் பார்த்துவிட்டு, காலையில் அறிக்கையைக் கிழித்து மறுபடியும் எழுதினார்கள். மாசி போயிற்று. பங்குனியும் போயிற்று. புளி யாருக்காகவும் மரத்தில் காத்திராது. உலுக்கிய புளி உடைபட்டு, மூட்டை கட்டப்பட்டு, லாரி ஏறிவிட்டது. சித்திரை முடிந்தபோது தம்பதிகளிடம் அழகான பெயர் இருந்தது, திருத்தமான அறிக்கை இருந்தது. புளி மட்டும் இல்லை. இனி அடுத்த தைக்குத்தான்.

இந்தக் கற்பனைத் தம்பதிகளைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, நிஜத் தம்பதிகள் இப்படி இருக்கிறார்கள். பலகாரம் செய்யலாம் என்றும், தையற்கடை வைக்கலாம் என்றும், சாமை அவலும் சத்துமாவும் விற்கலாம் என்றும் நினைத்து வருஷக் கணக்கில் ஆயத்தம் செய்துகொண்டே இருக்கிறார்கள். அலை ஓய்ந்தபின் ஸ்நானம் செய்யலாமென்று கரையில் துண்டுடன் நிற்பவரின் கதைதான். இன்னொரு பழமொழியும் நினைவுக்கு வருகிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும். அனுபவம் வந்தபின் தொழில் தொடங்கலாம் என்கிறார்கள். தொழில் தொடங்காமல் அனுபவம் எந்த வழியாக வரும்?

தம்பதிகள் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். மாசி மாதத்தில் ஓடுடன் கூடிய புளி 100 கிலோ வாங்குகிறார்கள். விலை இன்னதென்று நாம் நிர்ணயிக்க முடியாது; அது வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். கணக்குக்காகக் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் 4,000 ரூபாய். வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் உரித்து, தராசில் வைக்கிறார்கள். 100 கிலோ 100 கிலோவாக இராது. புளியம்பழத்தில் சதைப்பற்று ஏறக்குறைய 55 பங்கு, கொட்டை 34 பங்கு, ஓடும் நாரும் 11 பங்கு. ஆக, கையில் நிற்பது 55 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 40 அல்ல, ஏறக்குறைய 73 ரூபாய். கூலியும் வண்டிச் சத்தமும் இன்னும் சேரவில்லை.

இந்தக் கணக்கைத் தராசில் பாராமல், 40 ரூபாய்க்கு வாங்கி 60 ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாய் லாபம் என்று எண்ணியவர் கிலோவுக்குச் சுமார் 13 ரூபாய் நஷ்டப்படுவார். பத்துக் கிலோவில் இந்தத் தவறு நேர்ந்தால் 130 ரூபாயோடு தீர்ந்தது. ஒரு பாடத்துக்கு அது அதிகக் கட்டணம் அல்ல. எல்லா ஏற்பாடுகளும் பூரணமான பிறகு, கடன் வாங்கி, ஆயிரம் கிலோவில் முதன்முதலாக இதே தவறு நேர்ந்தால் 13,000 ரூபாய். பூரணப் பித்தின் விஷமம் இங்கேதான் இருக்கிறது. அது தவறுகளைத் தடுப்பதில்லை. முதல் தவறு நேரும் நாளைத் தள்ளிப் போட்டு, அதற்குள் அந்தத் தவறின் விலையை உயர்த்தி வைக்கிறது.

டப்பா விஷயத்தையும் பாருங்கள். புளியின் புளிப்புக்குக் காரணம் அதிலுள்ள டார்ட்டாரிக் அமிலம். அது உலோகத்தை அரிக்கும். அதனால்தான் நம் பாட்டிமார் புளியை உப்புப் போட்டுப் பிசைந்து மண்பானையிலும் பீங்கான் பரணியிலும் வைத்தார்கள்; ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கவும் மாட்டார்கள். சாதாரணத் தகர டப்பாவில் புளியை அடைத்து இரண்டு மாதம் வைத்திருந்தால் டப்பாவின் உட்புறமே சங்கதியைச் சொல்லியிருக்கும். ஐயாயிரம் டப்பாக்களுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்லவா? மாதக் கணக்கில் யோசித்துத் தீட்டிய திட்டத்தில் மிகப் பெரிய ஓட்டை, அவர்கள் மிகவும் பெருமைப்பட்ட இடத்திலேயே இருந்தது. காகிதத்தில் அது தெரியவில்லை. ஒரு கைப்பிடிப் புளி அதைத் தெரிவித்திருக்கும்.

இனி, கற்பனையை விட்டு நடந்த சரித்திரத்துக்கு வருவோம். 1959-ம் வருஷம் மார்ச்சு 15-ம் தேதி பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு ஸ்திரீகள் கூடினார்கள். கையில் மூலதனம் 80 ரூபாய். அதுவும் சகன்லால் கரம்ஸி பாரேக் என்ற சமூக ஊழியரிடம் கடனாக வாங்கியது. அன்று அவர்கள் இட்ட அப்பளம் நாலே பொட்டணம். அதைத் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள். இன்று தேசமெங்கும் கிளைகள் பரப்பி, பல்லாயிரம் ஸ்திரீகளுக்கு ஜீவனம் தரும் 'லிஜ்ஜத்' அப்பள ஸ்தாபனத்தின் ஆரம்பம் இதுதான்.

அந்த ஆரம்பம் எவ்வளவு குறைகளுடன் கூடியிருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. முதல் வருஷம் மழைக்காலம் வந்தது. வெயில் இல்லாமல் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. மழை வரும் என்பது பம்பாயில் யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. நம் ஒடுகத்தூர்த் தம்பதிகளாக இருந்தால் மழைக்கு வழி கண்டுபிடிக்கும் வரையில் தொடங்கியே இருக்க மாட்டார்கள். அந்த எழுவரோ தொடங்கினார்கள், மழையில் நின்றார்கள், மறு வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். விஞ்ஞான சாஸ்திரிகள் யாரும் இந்த உபாயத்தைச் சொல்லித் தரவில்லை. நின்றுபோன நாலு மாதம் சொல்லித் தந்தது.

பெயருக்காகப் பதினைந்து நாளைச் செலவிட்டவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'லிஜ்ஜத்' என்ற பெயர் 1959-ல் இல்லை. 1962-ல்தான் ஒரு போட்டி வைத்து, ஐந்து ரூபாய் பரிசு கொடுத்து, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வருஷம் அப்பளம் பெயரில்லாமலே விற்றது. பெயரில்லை என்பதற்காக யாரும் அதைப் பொரிக்காமல் இருக்கவில்லை. முதல் வருஷத்து விற்பனை 6,196 ரூபாய். சங்கமாகப் பதிவு செய்துகொண்டதும் கதர் கிராமத் தொழில் கமிஷனின் அங்கீகாரம் பெற்றதும் 1966-ல். பின்னாளில் தோலும் தீப்பெட்டியும் செய்து பார்த்தார்கள், அவை பலிக்கவில்லை. பலிக்காததை விட்டுவிட்டு, பலித்த அப்பளத்தையும் மசாலாவையும் வளர்த்தார்கள்.

இதைப் படிக்கும் வாசகர்களில் சிலர், "அப்படியானால் எதையும் அரைகுறையாகச் செய்து ஜனங்கள் தலையில் கட்டலாம் என்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு காரியத்தை நன்றாக எண்ணிப் பார்த்தபின் இறங்க வேண்டும், இறங்கிய பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்று வள்ளுவரே விதித்திருக்கிறாரே என்றும் சொல்லக்கூடும். வள்ளுவர் சொன்னது எண்ணித் துணிவதை. எண்ணிக்கொண்டே துணியாமல் இருப்பதற்கு அவரிடம் சலுகை கிடையாது. காலம் தாழ்த்துவதை அவர் வேறிடத்தில் கெடுவாரின் குணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். தரத்தைப் பற்றிய கேள்விக்கும் அந்த எழுவரே பதில் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் அவர்கள் உயர்ந்த ரகம், மலிவு ரகம் என்று இரண்டு விதமாக அப்பளம் செய்தார்கள். பாரேக் அதைத் தடுத்து, நல்ல ரகம் ஒன்றையே செய்யும்படியும், தரத்தில் ஒருபோதும் இறங்க வேண்டாமென்றும், கணக்கை ஒழுங்காக வைக்கும்படியும் புத்தி சொன்னார். கட்டில் அடுப்பு, பெயரின்மை எல்லாவற்றையும் சகித்துக்கொண்ட ஸ்தாபனம் அப்பளத்தின் ருசியில் மட்டும் சகிப்புத்தன்மை காட்டவில்லை.

ஆகவே, எது பூரணமாக இருந்தே தீர வேண்டும், எது போகப் போகப் பூரணமாகலாம் என்று பிரித்தறிவதே இங்கே முக்கியம். ஒடுகத்தூருக்கு அருகிலேயே இதற்கு ஓர் உயர்ந்த திருஷ்டாந்தம் இருக்கிறது. அது வியாபாரம் அல்ல, சேவை. இருந்தாலும் ஆரம்பத்தின் இலக்கணம் ஒன்றுதான். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் அமெரிக்காவுக்குச் சென்று வைத்தியம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஸ்திரீகளுக்குச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். இருந்தது ஒரே ஒரு கட்டில். 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் தாதிப் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியும் வந்தன. இன்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் ரயிலேறி வரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வேர் அந்த ஒற்றைக் கட்டில். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவர் அரைகுறையாக வைத்தியம் படித்துவிட்டு வரவில்லை. படிப்பைப் பூரணமாக முடித்தார், பட்டம் பெற்றார். கட்டடம் மட்டுந்தான் குறையாக இருந்தது. கட்டடம் முழுமை பெறும் வரையில் அவர் காத்திருந்தால், அதற்குள் எத்தனை தாய்மார்கள் பிரசவத்தில் மாண்டிருப்பார்களோ!

தேசாபிமானிகளுக்கு வேறொரு ஞாபகமும் வரும். 1906-ம் வருஷம் அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாக வகுத்தார். கப்பல் கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. அதற்காக அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் கைகட்டி நிற்கவில்லை. வாடகைக் கப்பலை ஓட்டினார். எதிரிகளின் நெருக்கடியால் அந்த ஏற்பாடு முறிந்தபோது இலங்கையிலிருந்து வேறு கப்பலை அமர்த்தினார். 1907-ல்தான் 'காலியா', 'லாவோ' என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. கம்பெனி பிற்பாடு 1911-ல் கலைக்கப்பட்டது உண்மை. ஆனால் அதை வீழ்த்தியவை கட்டணப் போட்டியும், 1908-ல் பிள்ளையவர்களைச் சிறைக்கு அனுப்பிய அதிகார வர்க்கமும். வாடகைக் கப்பலில் தொடங்கியது அதைக் கவிழ்க்கவில்லை. வாடகைக் கப்பலில் தொடங்கியிராவிட்டால் கவிழ்ப்பதற்கே கம்பெனி இருந்திராது.

திண்ணைத் தொழிலுக்கு இந்தப் பாகுபாட்டைப் பொருத்தினால் என்ன கிடைக்கிறது? முதல் பொட்டணத்திலேயே பூரணமாக இருக்க வேண்டியவை நாலு. முதலாவது சுத்தம். தின்னும் பண்டத்தில் கல்லும் பூச்சியும் ஈரமும் "போகப் போகச் சரியாகும்" என்ற ரகத்தில் சேரா. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டிலிருந்து விற்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு சிறு தொழிலுக்குப் பெரிய தடை அல்ல. இரண்டாவது எடை. அரைக் கிலோ என்றால் அரைக் கிலோ இருக்க வேண்டும். மூன்றாவது வாக்கு. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னால் வெள்ளிக்கிழமை தர வேண்டும். மலையிலிருந்து கொண்டு வந்தவருக்கு ஒப்புக்கொண்ட விலையையும் அப்படியே தர வேண்டும். காட்டில் கிடைக்கும் சிறு விளைபொருள்கள் அங்கே வாழ்பவர்களுக்கே சொந்தம் என்று 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அவர்களுடைய ஏழ்மையில் நம் லாபத்தைத் தேடுவது தொழிலாகாது. நாலாவது கணக்கு. முதல் நாள் முதல், வரவையும் செலவையும் பைசா விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

பெயர், படம், டப்பா, யந்திரம், விளம்பரம், கடை, பத்து விதச் சரக்கு ஆகிய மற்றவையெல்லாம் பின்னால் வந்து சேரலாம். சாமை விற்க நினைப்பவரும் இப்படியே யோசிக்கலாம். உமியுடன் கூடிய சாமை நெடுநாள் கெடாது. உமி நீக்கிய சாமையரிசியோ, தவிட்டிலுள்ள எண்ணெய்ச் சத்தினால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எனவே ஐந்து மூட்டையை ஒரேயடியாகக் குற்றி அடுக்குவது பூரணமல்ல, அவசரம். வாரம் பத்துக் கிலோவாகக் குற்றி விற்பவர் பார்வைக்குச் சிறியவராகத் தோன்றினாலும் நல்ல சரக்கு அவரிடந்தான் கிடைக்கும்.

படித்த குடும்பங்களை இந்தப் பித்து ஏன் அதிகமாகப் பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறோம். காரணம் பள்ளிக்கூடம் என்று தோன்றுகிறது. அங்கே விடைத்தாளை ஒரு முறைதான் கொடுக்கலாம். கொடுத்தபின் திருத்த முடியாது. பிழைகளுக்குச் சிவப்பு மசியால் வட்டம் போடுவார்கள். பிழை என்பது அவமானம். பதினைந்து வருஷம் இப்படிப் பழகியவர்கள், வாழ்க்கையும் மாசில்லாத விடைத்தாளைக் கேட்கிறதென்று நம்பி விடுகிறார்கள். குயவர் அப்படி நினைப்பதில்லை. கோணிய பானையைப் பிசைந்து மறுபடியும் சக்கரத்தில் வைக்கிறார். நெசவாளி இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறார். குடியானவர், சென்ற வருஷம் மழை ஏமாற்றியதென்று இந்த வருஷம் விதைக்காமல் இருப்பதில்லை. கையால் வேலை செய்பவர்களுக்கு இயற்கையாக வாய்த்த இந்த ஞானத்தை, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் முயன்று கற்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். குமாஸ்தா வீட்டம்மாள் புளி விற்கிறாள் என்று தெருவில் பேசுவார்களே! அந்தப் பேச்சைத் தாங்க அச்சிட்ட டப்பா ஒரு கவசமாக உதவுமென்று மனம் கணக்குப் போடுகிறது. பூரணத்தின்மீது கொண்ட ஆசையை உரித்துப் பார்த்தால் பல சமயங்களில் உள்ளே இந்தக் கூச்சந்தான் இருக்கும். இதற்கு மருந்து டப்பா அல்ல. தெருப்பேச்சுக்கு ஆயுள் குறைவு. பேசிய வீட்டிலேயே இரண்டாம் மாதம் "உங்கள் புளி இன்னும் அரைக் கிலோ கிடைக்குமா?" என்று கேட்டு அனுப்புவார்கள், புளி நன்றாக இருந்தால்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறையுடன் தொடங்கலாம் என்பதை, கைப்பொருள் முழுவதையும் கொட்டித் தொடங்கலாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். இரண்டும் நேர்விரோதம். வளையலை அடகு வைக்காமல், பிள்ளையின் பள்ளிச் சம்பளத்தைத் தொடாமல், முழுவதும் போனாலும் வீடு கலங்காத தொகை எது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தொகைக்குள் அடங்குவதே முதல் சரக்கு. ஒரு முறை வாங்கி, விற்று, கணக்கைப் பார்த்தபிறகு, அதிகப் பணம் தேவையென்று தெரிந்தால் கடனைப் பற்றிப் பேசலாம். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவு 50,000 ரூபாய் வரையிலான சிறு கடன்களுக்கென்றே வகுக்கப்பட்டது. கடன் கேட்டு வங்கிக்குப் போகிறவர், அழகான அறிக்கையுடன் மூன்று மாதத்து வரவு செலவு நோட்டையும் எடுத்துச் சென்றால், மானேஜர் எதைப் புரட்டிப் பார்ப்பார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தனியாகத் துணிய முடியாதவர்கள் கூடித் துணியலாம். இன்று தமிழ்நாட்டின் கிராமங்களிலெல்லாம் காணப்படும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் ஒரே நாளில் மாகாணம் முழுவதும் முளைத்தவை அல்ல. சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மட்டும் அந்தப் பிரயத்தனம் தொடங்கியது. ஒரு மாவட்டத்தில் நடத்திப் பார்த்து, மற்ற மாவட்டங்களுக்குப் பரப்பினார்கள். ஐந்தாறு ஸ்திரீகள் சேர்ந்தால் ஒருத்திக்குக் கொட்டை எடுப்பதில் கை ஓடும். ஒருத்திக்குக் கணக்கு வரும். ஒருத்தி நாலு வீடு ஏறி இறங்கக் கூசமாட்டாள். தனி ஒருவரிடம் எல்லாத் திறமையும் பூரணமாக இருக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் அங்கே தளர்ந்துவிடுகிறது.

நமது கற்பனைத் தம்பதிகளிடம் திரும்பி வருவோம். அவர்களுக்கு ஒரு வருஷம் போயிற்று. புளி மறுபடியும் காய்க்கும். வரப்போகும் மாசியில் அவர்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒரு தராசு, இரண்டு மண்பானை, ஒரு கணக்கு நோட்டு, பழகிய பத்து வீடுகளின் பெயர்கள். இவை இருந்தால் போதும். 50 கிலோ வாங்கினாலும் சரிதான். பொட்டணம் கொடுக்கும்போது, "இதில் குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். ஒரு வீட்டில் நார் இருக்கிறதென்பார்கள். ஒரு வீட்டில் புதுப் புளி வேண்டாம், கறுத்த பழம்புளிதான் வற்றல் குழம்புக்கு ஆகுமென்பார்கள். இன்னொரு வீட்டில் அரைக் கிலோ அதிகம், கால் கிலோ கட்டித் தரலாகாதா என்பார்கள். யாராவது ஒருவர், கழித்த கொட்டையை என்ன செய்கிறீர்கள் என்று விசாரிப்பார். அதைப் பொடி செய்து துணி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட உபயோகிக்கிறார்கள் என்பதும், 100 கிலோவில் 34 கிலோவைக் குப்பையில் கொட்டியது எவ்வளவு பிசகு என்பதும் அப்போதுதான் தெரியவரும். இவையெல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

படத்திலுள்ள புளியமரத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். தை பிறப்பதற்குள் தராசை மட்டும் முத்திரை போட்டு வாங்கி வைத்துவிடட்டும்.